வயல் சேத்துக் கிருமியும் மூக்கால குடுக்கிற தடுப்பு மருந்தும்

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில வந்து நிண்டுகொண்டு நிமோனியாவைப் பற்றிப் பொதுவாக் கதைச்சிட்டுப் போறது சரியில்லை, அதால இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஆக்களுக்குக் கிட்டின ஒரு கிருமியையே எடுக்கிறன், மெலியோய்டோசிஸ் வருத்தத்தைக் குடுக்கிற பக்டீரியா. மண்ணிலயும் வயல் தண்ணியிலயும் இருக்கும், கால் வெடிப்பால உள்ள போகும், மாரியில மழையும் காத்தும் சேந்து அடிக்கேக்க மூச்சோட நேர சுவாசப்பைக்கும் போகும். 1911இல ரங்கூனில விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் கண்டுபிடிச்சது. இலங்கையில 1927இல முதல் பதிவான நோயாளி ஒரு வெள்ளைக்காரத் தேயிலைத் தரகர், எங்கட கமக்காரருக்கு வந்ததை அப்ப ஆர் எழுதினது! இண்டைக்கும் மனுசருக்குப் பாவிக்கிற தடுப்பூசி ஒண்டும் இதுக்கு இல்லை.

கையில ஊசி போட்டா ரத்தத்தில எதிர்ப்பு வரும், ஆனா மூக்கு, தொண்டை, சுவாசப்பை உள்பக்கத்துச் சளிச்சவ்வில அவ்வளவு வராது. மூக்கால குடுத்தா அந்தச் சவ்விலயே ஐஜிஏ எண்ட ஆன்டிபொடி, அதாவது கிருமியைப் பிடிக்கிற புரதம், சுரக்கும், சுவாசப்பையிலயே தங்கி நிண்டு கிருமி பூந்த கலங்களைத் தேடித் தாக்கிற டி கலங்களும் உருவாகும். எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம், ஏனெண்டா இந்தக் கிருமி எங்கட கலத்துக்குள்ளயே பூந்து ஒளிச்சிருக்கும், ஆன்டிபொடி மட்டும் அங்க எட்டாது.

ஊசி இல்லாமக் குடுக்கிறது புதுசில்லை, கசத்துக்கு (டிபிக்கு) எதிரான பிசிஜி தடுப்பு மருந்தைக் கூட 1921இல பாரிசில முதல் குழந்தைக்கு வாயாலதான் குடுத்தது. ஆனா மூக்கு எண்டா கவனம் வேணும். சுவிட்சர்லாந்தில 2000இல வந்த மூக்கால அடிக்கிற ஒரு புளூ தடுப்பு மருந்து ஸ்ப்ரேயில எதிர்ப்பைக் கூட்ட ஈ.கோலை நச்சைச் சேத்தவை, சில பேருக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது, மருந்தை நிப்பாட்டியாச்சு.

மெலியோய்டோசிசுக்கு இப்ப பலவீனமாக்கின உயிர்க்கிருமியை எலியின்ர மூக்கில விட்டுப் பாக்கினம், சிலது நல்லா வேலை செய்யுது. சரி, ஆனா இந்த வருத்தம் கூடப் பிடிக்கிறது சீனி வருத்தக்காரரை, அவைக்கு உயிர்க்கிருமி குடுக்கலாமோ? சுகமான எலி தப்பினது எண்டு எழுதுறது எனக்குப் பெரிசாப் படேல்ல, சீனி உள்ள எலியில, பிறகு சீனி உள்ள மனுசரில காட்டட்டும்.

தடுப்பு மருந்து வருமட்டும் பூட்ஸ் போடுங்கோ, புண்ணை மூடுங்கோ. காலபோக நேரம் காய்ச்சல் இருமலோட ஆஸ்பத்திரிக்குப் போனா, வயல் செய்யிறனான், சீனி இருக்கு எண்டு நீங்களாவே டொக்டருக்குச் சொல்லுங்கோ, கசம் மாதிரியும் எலிக்காய்ச்சல் மாதிரியும் இது ஆளை ஏமாத்தும், ரத்தம், சளி எண்டு எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளத்துப் பாக்கிற சோதனைக்கு, அனுப்பினாத்தான் பிடிபடும். பிடிபட்டா ரெண்டு கிழமையளவில ஊசி மருந்து, பிறகு குறைஞ்சது மூண்டு மாசம் குளிசை, சுகமாப் போச்செண்டு இடையில விட்டா திரும்ப வரும்.