ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(முக்கூடல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்ட வழங்கல் அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த ஊர்ப் பெரியவர்களே, என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிவிட்ட வரவேற்புரைப் பேராசிரியர் அவர்களே, எல்லோருக்கும் மேலாக, கடையில் கணக்கை ஒப்படைத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் பீடி சுற்றும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

விலைவாசியையும் வறுமையையும் தணிக்க அரசு எடுத்துவரும் நடவடிக்கைகள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ரேஷன், கூலி, கடன் என்று இதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்குப் புதிதன்று. மூன்றையும் அளக்க அந்த ஒரு படி போதும்.

2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் இணைந்தபோதும், எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கையைத் தமிழ்நாடு கைவிடவில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வருகின்றன. 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து, 2022-இல் பள்ளியில் காலை உணவு, 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை என்று அடுத்தடுத்து வந்தன. இவற்றை இலவசம் என்று ஏளனம் செய்வோர் மாதக் கடைசியில் அடுப்பைப் பார்த்தறியாதவர்கள். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கிலோவில் எழுதப்பட்ட உதவி விலை ஏறினாலும் குறைவதில்லை, ரூபாயில் எழுதப்பட்ட உதவியோ விலை ஏற ஏறத் தேய்கிறது. அரிசி இலவசம், குழம்பு விலைக்கு. தேங்காய் விற்கும் விலையில், தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி இனி மறுவீட்டு விருந்துக்கு மட்டும் என்று ஆகிவிடும் போலிருக்கிறது.

ஆகவே கூலிக்கு வருகிறேன். வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டது. ஆனால் ஆயிரம் பீடிக்கென்று தரப்படும் இலை ஆயிரத்துக்குப் போதாமல், பற்றாக்குறை இலையைச் சொந்தக் காசில் வாங்கிச் சுற்றும் நிலை இன்னும் மாறவில்லை. போதாக்குறைக்கு, சுற்று சரியில்லை என்று கூலியின்றி ஒதுக்கப்படும் கழிவு வேறு.

கழிவு என்றதும் ஓர் ஆச்சியின் கதை நினைவுக்கு வருகிறது. ஊரும் கடையும் வேண்டாம். ஆச்சி கொண்டுவந்த கட்டுகளில் சிலவற்றை, சுற்று சரியில்லை என்று கணக்குப்பிள்ளை ஒதுக்கி வைத்தார். "அப்படியானா கழிவைத் திருப்பித் தாரும்" என்றார் ஆச்சி. "அது வழக்கமில்லை" என்றார் அவர். "ஒண்ணுக்கும் ஆகாததை வச்சு என்ன செய்யப் போறீரு?" என்றதற்குப் பதில் இல்லை. ஆச்சி அந்தக் கட்டுகளை எடுத்தார். இலை நனைக்கும் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணி ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். நான்காவது கட்டு விழும்போது கணக்குப்பிள்ளை பாய்ந்து வந்து, "ஐயோ, சரக்கு போச்சே!" என்று அலறினார். "நான் கொண்டாந்தா கழிவு, தண்ணியில விழுந்தா சரக்கா, வே?" என்றார் ஆச்சி. வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள். அன்று ஆச்சிக்கு முழுக் கூலியும் கிடைத்தது. பாருங்கள், தண்ணீரில் போட்டபோதும் அவர் அளந்துதான் போட்டார்!

அரசும் அளக்கிறது, ஆனால் எங்கே அளக்கிறது, எப்போது அளக்கிறது என்பதே என் கேள்வி. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு விலை உயர்வுக்கு ஈடாகச் சேரும் பஞ்சப்படி பெரும்பாலும் சென்னை நகர விலைக் குறியீட்டைக் கொண்டே ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1 முதல், கணக்கிடப்படுகிறது. விலை மாதந்தோறும் ஏறும்போது படி ஏன் ஆண்டுக்கொருமுறை ஏற வேண்டும்? பிள்ளைகளின் படிப்புதவிக்கும் மருத்துவத்துக்கும் பயன்பட்ட, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பீடி நல வரி, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒழிந்தது. பீடிக்கு வரி இன்றும் இருக்கிறது. சுற்றுபவருக்கென்று அதில் ஒதுக்கிய பங்குதான் இல்லை.

கடனைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூலி நேரானால் கந்துவட்டி பாதி அடங்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பஞ்சப்படியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும், ஆயிரம் பீடிக்கான இலையையும் புகையிலைத் தூளையும் கடையிலேயே எடைபோட்டுத் தர வேண்டும், கழிவைத் தொழிலாளியிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு மனு எழுதி மேசையில் வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் அதைக் கொடுக்க வேண்டும். கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள், பீடி வேலைக்கான பாஸ்புக் வைத்திருப்போர் அதன் நகலையும் தாருங்கள். ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்துக்குக் காலை எட்டு மணிப் பேருந்தில் புறப்படுகிறோம். மகளிருக்குக் கட்டணமில்லை, எனக்குத்தான் டிக்கெட்.