ஆட்டுக் கொட்டகையில் தொடங்கிய பள்ளி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக உருவான பைனி உட்ஸ் விடுதிப் பள்ளியை வளர்த்தது லாரன்ஸ் ஜோன்ஸின் உறுதியா, மக்களின் கொடையா? மக்களின் கொடைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், ஜோன்ஸின் கழுத்தில் விழுந்த கயிற்றைச் சொல்லி நம்மையெல்லாம் உறைய வைத்துவிட்டார். உண்மைதான். முதல் உலகப் போர்க் காலத்தில், கலகம் தூண்டுகிறார் என்று தவறாக எண்ணிக் கொல்ல வந்த வெள்ளையர் கும்பலிடம், பேசியே உயிர் தப்பினார் அவர். அந்த நெஞ்சுரத்தை நானும் கும்பிடுகிறேன். சரி, அந்தக் கும்பலிடம் எதைப் பற்றிப் பேசினார்? தன் பள்ளியைப் பற்றி. பேசுவதற்கு ஒரு பள்ளி இருந்ததே, அது எங்கிருந்து வந்தது?

1909-ஆம் ஆண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய இளைஞர் ஜோன்ஸ். ஒரு செடார் மரம், உட்கார ஒரு மரக்கட்டை, மூன்றே மாணவர்கள். மழை வந்தால் அதுவும் இல்லை. அப்போதுதான் எட் டெய்லர் வருகிறார். ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். 40 ஏக்கர் நிலம், ஆடு அடைத்த பழைய கொட்டகை, 50 டாலர், மூன்றையும் கொடுக்கிறார். 1865-இல் விடுதலை பெற்ற மக்களுக்கு 40 ஏக்கர் வரை தருவதாகச் சொன்ன அரசு, அதே ஆண்டிலேயே பின்வாங்கியது. அரசு கொடுக்காத அந்த 40 ஏக்கரை அடிமையாக இருந்த ஒருவர் கொடுத்தார் ஐயா!

கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, வெள்ளையடித்து வகுப்பறை ஆக்கினார்கள். பக்கத்து மர அறுவை ஆலைக்காரர் ஒரு வெள்ளையர். அவரும் பலகை கொடுத்தார். பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் உழைத்தே படித்தார்கள். அப்புறம், ஊர் ஊராகப் போய்ப் பாடி நிதி திரட்டினார்களே, காட்டன் பிளாசம் சிங்கர்ஸ், அந்த மாணவர்களை மறக்கலாமா? கறுப்பினத்தவருக்குத் தங்கும் விடுதிகளில் இடம் தராத காலம். வண்டியிலேயே படுத்து எழுந்து, மறுநாளும் பாடினார்கள்.

1954-இல் தொலைக்காட்சியில் ஆளுக்கு ஒரு டாலர் கேட்டபோது 6 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அதையும் என் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஆனால் ஒரு டாலர் போனதை அந்த வீடுகள் உணர்ந்திருக்காது. 50 டாலர் போனதை எட் டெய்லர் வீட்டு அடுப்படி உணர்ந்திருக்கும். என் முதல் சாட்சி அவர்தான், நடுவர் அவர்களே. நன்றி.