அடுத்தவங்க தோப்பு

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

கடல் பயணத்தைப் பத்திப் பேச ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரனைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்காங்களேன்னு நீங்க நினைக்கலாம். நியாயம்தான். போன மாசி வரைக்கும் நான் ஏறின ஒரே படகு, ஆழியாறு அணையில டிக்கெட் வாங்கி ஏறின படகுதான்.

எங்க அண்ணன் பையன் அமெரிக்காவுல வேலையில இருக்கான். பழைய பாய்மரப் படகு ஒண்ணை வாங்கிப் பொண்டாட்டி, மகளோட கடல் கடலாச் சுத்தறான். "சித்தப்பா, சித்தியையும் கூட்டிக்கிட்டு பனாமாவுக்கு வாங்க. அங்க தீவெல்லாம் உங்க மரம்தான்"னு கூப்பிட்டான். தென்னைன்னு சொன்ன பிறகு நான் எங்கீங்க யோசிக்கிறது?

பனாமா நாட்டுக்கு வடக்கே கரீபியன் கடல். அந்தக் கரையோரம் 365க்கு மேல சின்னச் சின்னத் தீவு. ஆளுங்க குடியிருக்கறது அம்பது தீவு இருக்கும். அதுக்குப் பேரு குனா யாலா. குனா நாடுன்னு அர்த்தமாம். கொங்கு நாட்டுக்காரன் காதுக்கு அது அந்நியமாப் படலீங்க. குனாங்கறது அங்கத்த ஆதிகுடி. நிலமும் தீவும் அவங்களுது, நிர்வாகமும் அவங்க ஊர்க்கூட்டம்தான். நங்கூரம் போடறதுக்கே அவங்களுக்குக் காசு கட்டோணும்.

முதல் ராத்திரியைப் பத்தி அதிகம் சொல்லலை. வடகிழக்குக் காத்து, பக்கவாட்டுல அலை. எங்க வீட்டம்மா எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கையில பிடிச்சபடியே விடியவிடிய உட்கார்ந்திருந்தாங்க. விடிஞ்சும் உடனே தீவுக்குள்ள போக முடியாது. சூரியன் உச்சிக்கு வந்தாத்தான் தண்ணிக்கடியில இருக்கிற பவளப்பாறை கண்ணுக்குத் தெரியும். பேத்தி படகோட முன்னாடி நின்னுக்கிட்டு, "தாத்தா, நீலம்னா ஆழம், பழுப்புன்னா பாறை"ன்னு எனக்குப் பாடம் எடுத்தா. ஒம்பது வயசுங்க அதுக்கு.

மூணாம் நாள் ஒரு தீவு. வீடு இல்லை, ஆள் இல்லை, முப்பது மரம் இருக்கும். நான் இறங்கின உடனே செஞ்ச காரியம், தாழ்ந்து தொங்கின ஒரு மட்டையைத் திருப்பி ஓலைக்கு அடியில பார்த்ததுதான். தென்னை வெச்சிருக்கறவங்களுக்கு ஏன்னு தெரியும். சுருள் வெள்ளை ஈ! 2016ல நம்ம பொள்ளாச்சிப் பக்கம் அதைக் கண்டுபிடிச்சாங்க. ஓலைக்கு அடியில வெள்ளை வெள்ளையாச் சுருள், மேல கரும்பூசணம். மஞ்சள் தாள்ல விளக்கெண்ணெய் தடவித் தோப்பு பூராவும் கட்டித் தொங்கவிட்டோமே, அதே ஈதான். அதை முதன்முதலா 2004ல மத்திய அமெரிக்காவுல, பெலிஸ் நாட்டுலதான் இனங்கண்டு எழுதி வெச்சாங்க. அந்தப் பக்கத்துப் பூச்சி. நான் புரட்டின மட்டையில அது இல்லை.

இதுல இன்னொரு கூத்து இருக்குது. தேங்காய்ல ரெண்டு வம்சம்னு 2011ல ஒரு மரபணு ஆய்வு சொல்லுச்சு. ஒண்ணு பசிபிக் வம்சம், இன்னொண்ணு இந்தியப் பெருங்கடல் வம்சம். கரீபியன் கரையில நிக்கறது நம்ம வம்சம். ஐரோப்பியக்காரங்க, முக்கியமாப் போர்ச்சுகீசியருங்க, கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனது. ஆக, நம்ம பக்கத்து மரம் அங்க போச்சு, அந்தப் பக்கத்து ஈ இங்க வந்துச்சு. பண்டமாற்றுல நட்டம் யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மரத்தடியில நெத்து விழுந்து கிடந்தது. பொறுக்க ஆளில்லையேன்னு ரெண்டை எடுத்து அக்குள்ல இடுக்கிட்டேன். படகுல இருந்து அண்ணன் பையன் கத்தறான், "சித்தப்பா, கீழ போடுங்க!" எனக்கு விளங்கலை. அதுக்குள்ள ஒத்தை மரத்தைக் குடைஞ்ச ஓடத்துல, அதை அவங்க 'உலு'ன்னு சொல்றாங்க, ஒரு பெரியவர் துடுப்புப் போட்டுக்கிட்டு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை.

அந்தத் தீவுகள்ல ஆளில்லாத தீவு உண்டு, சொந்தக்காரன் இல்லாத மரம் கிடையாதாம். குடும்பங்க முறை வெச்சு வந்து தங்கிக் காய் பொறுக்குமாம். தேங்காய்தான் அவங்களுக்கு ரொம்ப காலம் பணம். கொலம்பியா நாட்டு வியாபாரப் படகு வரும். காயைக் கொடுத்து அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்குவாங்க. நான் இடுக்கியிருந்தது அவர் சட்டைப்பையில இருந்து எடுத்த சில்லறை மாதிரி.

போன ஆடியில எங்க தோப்புல நாலு காய் எடுத்த பையனை நான் என்ன பேச்சுப் பேசினேன்னு எனக்குத்தானே தெரியும். டாலரை நீட்டினேன், வாங்கலை. பக்கத்துல மணல்ல கூரான கட்டை ஒண்ணு நட்டிருந்தது. நம்ம ஊர்ல கடப்பாரை, அங்க மரக்கட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். காயை வெச்சு மூணு குத்து, மூணு திருகு. உரிச்சு ரெண்டு கையாலயும் அவர்கிட்டக் கொடுத்தேன். அப்பத்தான் சிரிச்சார். அப்புறம் பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் அவர் சேர்த்து வெச்சிருந்த குவியலை உரிச்சோம். பேச்சுக்கு அவசியமே வரலீங்க.

வீட்டம்மாவுக்கு வேற உலகம். குனாப் பொம்பளைங்க ரவிக்கையில வெச்சுத் தைக்கற துணிக்கு மோலான்னு பேரு. கலர் கலரா ரெண்டு மூணு துணியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல் துணியைக் கத்தரிச்சு அடித்துணி தெரியற மாதிரி ஊசியால மடிச்சுத் தைக்கறது. தையல் கண்ணுக்கே தெரியாது. இந்தத் துணியைக் கட்டக் கூடாதுன்னு பனாமா போலீஸ் ஒரு காலத்துல கெடுபிடி பண்ணுச்சு. 1925 பிப்ரவரியில குனா சனங்க கலகம் பண்ணி அந்தப் போலீஸை விரட்டினாங்க. ஒரு ரவிக்கைத் துணிக்கு இத்தனை கதையான்னு வீட்டம்மா ரெண்டு மோலா, பேரம் பேசாம வாங்கினாங்க. எங்க வீட்டுல அது வரலாறுங்க!

கல்யாணமானா அங்க மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குப் போயிடணுமாம். இதைக் கேட்டதும், "ஏனுங்க, வீட்டோட மாப்பிள்ளைன்னு நம்ம ஊர்ல எத்தனை கேலி பேசறோம்"னு என்னைப் பார்த்தாங்க. நான் பாயைச் சரிபண்ணப் போயிட்டேன்.

கர்டி சுக்டுப்னு ஒரு தீவு, வீட்டுக்கு வீடு இடைவெளியே இல்லை. கடல் ஏற ஏற இருக்க இடமில்லாம, 2024 ஜூன்ல அங்கிருந்து 300 குடும்பம் போல நிலக்கரைக்குக் குடிமாத்தினாங்க. அந்தக் கரையைத் தாண்டறப்ப எனக்குப் பவானிசாகர் ஞாபகம். அணைத்தண்ணி வத்தினா டணாயக்கன்கோட்டைக் கோயில் தலைகாட்டுமே, அப்ப ஊரைவிட்டு வந்தவங்க பேரப்புள்ளைங்க போய்ப் பார்ப்பாங்களே. இங்க தண்ணி வத்தப் போறதில்லை.

கிளம்பறப்ப அந்தப் பெரியவர் ஒரு நெத்து கொடுத்தார். ஊருக்குக் கொண்டாந்து நாத்து விட ஆசை. ஆனா விதைக்காயை விமானத்துல கொண்டுவரக் கூடாது, பூச்சி வரும், நோய் வரும். வெள்ளை ஈ பட்ட நானே அதை மீறலாமுங்களா? படகுலயே உடைச்சோம். வரமிளகாய், புளி, உப்பு வெச்சு வீட்டம்மா சட்னி அரைச்சாங்க. பேத்தி ரெண்டு தோசையோட கொண்டுபோய் உலுவுல இருந்தவர்கிட்டக் கொடுத்தா. ஒரு வாய் வெச்சார், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. செம்புத் தண்ணியைக் குடிச்சு முடிச்சுட்டு, தட்டை மறுபடி நீட்டினார்.