தேர் இழுக்க ஒரு நாயகி போதாது

(உதகையில் மாணவர்களின் குறும்படத் திரையிடலில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, இந்த மழையில் கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்தக் குளிருக்கு அடுத்த முறை கம்பளியாகப் போர்த்தினால் இன்னும் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று உடை, இரண்டு வில்லன், மூன்று ஒலி.

சூப்பர் ஹீரோ படத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளை, விபத்தில் வரும் சக்தி, முகமூடி, பகலில் அப்பாவி, ராத்திரியில் சூரன். கடைசியில் பாதி நகரத்தை நொறுக்கி மீதியைக் காப்பாற்றுவார். இந்தக் கணக்கு ஒன்றும் வேதம் அல்ல. 1938ல் சூப்பர்மேன் முதன்முதலாக அச்சில் வந்தபோது அவரைப் படைத்த ஜெர்ரி சீகலுக்கும் ஜோ ஷஸ்டருக்கும் வயது இருபத்து மூன்று. பையன்கள் போட்ட கணக்குதான். அதை அழித்து எழுத உங்களுக்கும் உரிமை இருக்கிறது.

நம் பிள்ளைகள் எடுத்த படத்தில் பக்கத்து ஊரான கேத்தியைச் சேர்ந்த பெண் ஒருத்திக்குப் பறக்க வருகிறது. எப்படி வந்தது என்று சொல்லவே இல்லை. நல்லது, பத்து நிமிடம் மிச்சம். உடை? அம்மா கேரட் தோட்டத்துக்குப் போட்டுப் போகும் மழைக்கோட்டு. மண் சரிந்து சாலை அடைபடுகிறது, அந்தப் பக்கம் ஒரு பிரசவக்காரி. நாயகி ஜம்மென்று கிளம்புகிறாள். நம்மூர் மூடுபனி விடுமா? எது சாலை, எது பள்ளம் என்று தெரியாமல் நடுவானில் திணறுகிறாள். கண்டக்டர் விசில் ஊதுகிறார். தோட்டத்துப் பெண்கள் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். அந்த வெளிச்சத்தைப் பிடித்து இறங்குகிறாள். நான் எழுந்து நின்று கைதட்டிய இடம் அதுதான். ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

ஒரு குறை சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. கடைசியில் எதற்கு வில்லனாக அந்தக் குவாரி முதலாளி? 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அன்று எந்த வில்லன் வந்து மீசையை முறுக்கினான்? மழை போதும், சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பும் நம் ஆசை போதும்.

எங்கள் தலைமுறைக்கு ஹீரோ இரும்புக்கை மாயாவி. 1972ல் முத்து காமிக்ஸில் வந்தார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். நான் வேலை பார்த்த இந்து நகர் பிலிம் ஆலையில் கை கூடத் தெரியாது! பிலிமில் மருந்து பூசும் பகுதி கும்மிருட்டு. ஒளி பட்டால் பிலிம் போச்சு. காலடிச் சத்தம், இருமல், பீடி வாசனை, இவற்றை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

எங்கள் ஷிப்டு அண்ணன் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, மண்டபத்துக்குள் மை இருட்டு. அப்போதெல்லாம் செல்போன் ஏது? தாலித் தட்டு எங்கேயோ கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐயர் தீப்பெட்டி கேட்கிறார், மாமா ஒருவர் யாரோ காலை மிதித்ததாகச் சத்தம் போடுகிறார், கிழவி ஒருத்தி சகுனம் சரியில்லை என்று ஆரம்பித்துவிட்டாள். மண்டபத்தின் மூலையிலிருந்து ஒரு குரல்: “யாரும் அசையாதீங்க. நம்ம ஷிப்டு, கை நீட்டு!” அவ்வளவுதான். நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்ற நின்ற இடத்தில் கையை நீட்டினோம். “தட்டு சித்தப்பா கிட்ட”, “வாங்கிட்டேன்”, “இடப்பக்கம் ரெண்டடி”, “யோவ், இது சாம்பார் வாளி!” இப்படியே கைமாறி, தட்டு மணவறைக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்கு வந்தபோது பெண் கழுத்தில் மூன்றாவது முடிச்சு. மாப்பிள்ளை வீட்டார் யாருக்கு நன்றி சொல்வது என்று தேடினார்கள். நாங்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டோம்.

அந்த ஆலையைப் பற்றிச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்று தலைவருக்குத் தெரியும், அதனால்தான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, ஒலியை விட்டுவிடுகிறேன். 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம், 1967ல் உற்பத்தி. தூசி இல்லாத குளிர்க் காற்றுக்காக இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். சினிமா பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் ‘இந்து’ என்ற பெயரில் இங்கிருந்து நாடெங்கும் போயின. இன்று அங்கே உற்பத்தி இல்லை. தைலமரத் தோப்பில் டூயட் பாட எல்லா நாயகர்களும் ஊட்டிக்கு வந்தார்கள், ஆனால் நம் பிள்ளைக்குக் கேமரா கற்க வேண்டுமென்றால் சென்னை தரமணி திரைப்படக் கல்லூரிக்குப் போக வேண்டும். இந்து நகரில் ஒரு திரைப்படப் பள்ளி, ஒரு பிலிம் அருங்காட்சியகம். அரசிடம் இதைத்தான் கேட்கிறோம். நகரமன்ற உறுப்பினர் அவர்கள் தலையசைத்ததை எல்லோரும் பார்த்தீர்கள், சாட்சி இருக்கிறது. நான் ஒருவன் மனு எழுதினால் அது கோப்புக்குள் போய்விடும். ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

மனு வாசலில், தேநீர்க் கேனுக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து போதும். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அவிழ்த்துக்கொண்டு போக வேண்டாம்.