ஏலம் இல்லைங்க, ஹதம்தி!

வாங்க, வாங்க. மொட்டை மாடிதான், அதே நாற்காலிதான். காத்து இரைச்சலா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னிக்கு இதைப் பேசலேன்னா எனக்குத் தூக்கம் வராது.

போன வாரம், பழைய காலத்துல ஈரான்ல இருந்த ஒரு நாட்டைப் பத்தி 'ஏலம்'னு தலைப்பு வெச்சு ஒரு வீடியோ போட்டேன் இல்லையா? கீழ வந்திருக்கிற கேள்வியெல்லாம் பாருங்க. "சார், பேங்க் ஏலத்துல வீடு எடுக்கலாமா?" "முன்பணம் எவ்ளோ கட்டணும்?" ஒருத்தர் ஏலக்காய் கிலோ என்ன விலைன்னு கேட்டிருக்காரு. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். தமிழ்ல அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ரெண்டு வேலை. ஆனா 2000 வருஷத்துக்கு மேல ராஜ்யம் பண்ணின ஜனங்க பேரு "ஒரு தரம், ரெண்டு தரம்" சத்தத்துல அமுங்கிப் போறது எனக்குப் பொறுக்கவே இல்ல.

அந்தக் கடுப்புல ஒரு புத்தகத்தைப் புரட்டினப்பதான் இந்தச் சொல் சிக்குச்சு. ஹதம்தி. ஹல்தம்தின்னும் எழுதுவாங்க. அந்த நாட்டுக்காரங்க தங்களோட நாட்டுக்குத் தாங்களே சொல்லிக்கிட்ட பேருங்க இது! ஏலம்ங்கிறது பக்கத்து ஊர்க்காரன் கூப்பிட்டது. இன்னிக்கு ஈராக் இருக்கிற இடத்துல வாழ்ந்த அக்காடியர்கள் 'எலம்து'ன்னாங்க. பைபிள்ல ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்துல நோவாவோட மகன் சேமுக்கு மகனா 'ஏலாம்' வர்றார். பழைய பாரசீகத்துல 'ஊஜ'ன்னாங்க, அதுதான் இன்னிக்கும் குசெஸ்தான்ங்கிற பேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு.

அடடா, இடத்தையே சொல்லாம போறேன் பாருங்க. புதுசா வந்தவங்களுக்காக: ஈரானோட தென்மேற்கு மூலை. சமவெளியில சூசா, இப்போ அதுக்குப் பேரு ஷூஷ். மலைப்பக்கம் அன்ஷான், ஷிராஸ் நகரத்துக்கு வடமேற்கே தல்-இ-மல்யான்னு ஒரு மேடு இருக்கே, அதுதான்.

சரி, நான் புரட்டின அந்தப் புத்தகத்தோட கதை. பழைய புத்தகம், விலை 900 ரூபாய். தபால் செலவு எவ்ளோ தெரியுமா? 1,850! புத்தகத்தை விட அதோட பயணத்துக்கு ரெண்டு மடங்கு. மூணு நாள் யோசிச்சேன், கூடையில போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். வந்து சேர்றதுக்கு 41 நாள். பிரிச்சா, பின் அட்டை மழையில நனைஞ்சு உப்பியிருக்கு. எனக்கு வந்த கோபம்! ஆனா உள்ள ஒரு பக்கம்கூடக் கெடல. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில வெச்சு அழுத்தி நிமிர்த்திட்டேன். இதோ பாருங்க, தெரியுதா? நேரா நிக்குது.

அதுல படிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. ஹமுராபியோட சட்டக் கல் வீடியோ பார்த்தவங்களுக்கு ஷுத்ருக்-நஹ்ஹுந்தேவைத் தெரியும், பாபிலோன் பக்கம் போய் அந்தக் கல்லை அள்ளிட்டு வந்த ஹதம்தி ராஜா. கி.மு. 12ஆம் நூற்றாண்டு. அதே ஆள் சிப்பார் ஊர்லேர்ந்து அக்காடிய ராஜா நராம்-சின்னோட வெற்றிக் கல்லையும் தூக்கிட்டு வந்தாரு. வந்ததும் அந்தக் கல்லு மேலயே தன் மொழியில எழுதி வெச்சாரு: சிப்பாரை அழிச்சேன், இந்தக் கல்லை ஹதம்தி நாட்டுக்குக் கொண்டு வந்தேன், என் சாமி இன்ஷுஷினாக்குக்கு வெச்சேன்னு. பாருங்க, ஹதம்தி! அந்தக் கல்லு இப்போ பாரீஸ் லூவர்ல நிக்குது. பக்கத்துல போடுற பலகையில மட்டும் வேற பேரு.

19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. ஈரான்ல பெஹிஸ்தூன் மலையில பாரசீக ராஜா முதலாம் தாரியஸ் மூணு மொழியில வெட்டி வெச்சாரே, அதுல ஒண்ணு இவங்க மொழி. அதுக்கு 1855ல எட்வின் நோரிஸ் 'ஸ்கைத்திய மொழி'ன்னு பேர் வெச்சாரு. அப்புறம் மீடியன், சூசியன், அன்ஸானைட், அமார்டியன்னு ஆளுக்கொரு பேரு. சொந்தக்காரன் கல்லுல எழுதி வெச்ச பேரை யாருமே எடுத்துக்கல. இப்பதான் ஒரு சிலர், இவங்களோட பழைய கோட்டெழுத்தைப் படிச்சுட்டோம்னு 2022ல கட்டுரை போட்ட பிரான்சுவா தெசே மாதிரி ஆளுங்க, 'ஹதம்தைட்'னு எழுதுறாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

ஆங், இன்னொண்ணு. "அது தமிழ்தானே?"ன்னு கேட்க வர்றவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுறேன். அந்த மொழியில முன்னால நிக்கிற ஆளை 'நி'ன்னுதான் சொல்லுவாங்க. எனக்கும் புல்லரிச்சுது. கால்டுவெல் 1856லயே அதைப் பிடிச்சு எழுதியிருக்காரு. டேவிட் மெக்கால்பின்ங்கிற மொழி அறிஞர் 1970கள்ல இந்த மொழியும் தமிழ் இருக்கிற திராவிடக் குடும்பமும் ஒண்ணுன்னு வாதாடினாரு. ஆனா பெரும்பாலான அறிஞர்கள் ஏத்துக்கல, எந்தக் குடும்பத்துலயும் சேராத தனிமொழின்னுதான் வெச்சிருக்காங்க. 'நான்'ங்கிறதுக்கு அவங்க சொல்றது வெறும் 'உ'. ஒரு 'நி'யை வெச்சுக்கிட்டு உறவு கொண்டாடாதீங்க, எனக்கு அது பிடிக்காது.

இப்போ அந்த ராஜாவோட வரியை ஒரே மூச்சுல சொல்லப் போறேன். காலையிலேர்ந்து 19 தடவை எடுத்துட்டேன், நஹ்ஹுந்தேவுலயே நாக்கு புரண்டுடும். "உ ஷுத்ருக்-நஹ்ஹுந்தே, ஷாக் ஹல்லுதுஷ்-இன்ஷுஷினாக்-இக், சுன்கிக் அன்ஸான் ஷுஷுன்கா."

வந்துடுச்சு! ஹல்லுதுஷ்-இன்ஷுஷினாக்கோட மகன், அன்ஷானுக்கும் சூசாவுக்கும் ராஜான்னு அர்த்தம். 'சுன்கி'ன்னா ராஜா, கடைசியில 'க்' வந்தா 'ராஜாவாகிய நான்'. 'சுன்கிர்'னா அவர் ராஜா, 'சுன்கிப்'னா ராஜாக்கள். ஒரே ஒரு எழுத்து, ஆளே மாறிடுது, என்ன அழகு!

போன வீடியோ தலைப்பை இன்னிக்கு ராத்திரியே ஹதம்தின்னு மாத்திடுறேன்.