மளிகை அலமாரியில் ஒரு தட்டு கூடுதலாகக் கிடைத்த கதை

வணக்கம். இன்று நேராக மளிகை அலமாரிக்கே வந்துவிடுகிறேன், ஏனென்றால் நேற்று மாலை இதற்குள் நடந்த ஒரு மாற்றத்தை உங்களுக்குக் காட்டாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேமராவைச் சற்றுக் கிட்டக் கொண்டுபோகிறேன். அலமாரியின் உட்புறப் பக்கப் பலகையில் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும் இந்தச் சின்னத் துளைகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்யப்படும் பெரும்பாலான அலமாரிகளில் இந்தத் துளைகள் 5 மில்லிமீட்டர் விட்டத்தில், ஒன்றுக்கொன்று 32 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். தட்டைத் தாங்கும் முளைகளை இவற்றில் எங்கு வேண்டுமானாலும் செருகலாம். ஆனால் அலமாரியைப் பூட்டிக் கொடுப்பவர்கள் தட்டுகளைச் சம இடைவெளியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், நாமும் அந்த இடைவெளியை மாற்றக் கூடாத ஒன்றாகவே எடுத்துக்கொண்டு அதற்குள் சாமான்களை அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு, நான் எதை வாங்குவதற்கு முன்பும் டேப்பைத்தான் முதலில் எடுப்பேன் என்பது தெரியும். இங்கும் அதைத்தான் செய்தேன். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே 36.6 சென்டிமீட்டர் இருந்தது. அந்தத் தட்டில் நின்ற மிக உயரமான பாட்டில் 12 சென்டிமீட்டர். மீதி 24 சென்டிமீட்டருக்கும் மேல் வெறும் காற்று. அதற்கு மேல் தட்டிலும் இதே கதைதான், அங்கே இருந்தவை எல்லாம் குட்டையான டின்கள். தரையில் இடமில்லை, இன்னொரு அலமாரி வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில், இருக்கும் அலமாரிக்குள்ளேயே இவ்வளவு உயரம் வீணாக நின்றுகொண்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை.

கணக்கு மிகவும் எளிது. தட்டில் நிற்கும் மிக உயரமான பொருளின் உயரத்தை எடுத்துக்கொண்டு, கையை உள்ளே விட்டு அதைத் தூக்கி எடுக்க 4 முதல் 5 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 12 சென்டிமீட்டர் பாட்டிலுக்கு 17 போதும். என் தட்டுகள் பன்னிரண்டு துளைகளுக்கு ஒன்றாக இருந்தன. நடுத்தட்டை ஆறு துளை கீழே இறக்கினேன். பலகையின் 18 மில்லிமீட்டர் தடிமனைக் கழித்தால் கீழே 17.4 சென்டிமீட்டர் கிடைத்தது, பாட்டில்கள் அப்படியே பொருந்தின. அதற்கு மேல் இன்னும் ஆறு துளை தள்ளி ஒரு புதிய பலகையை வைத்தேன், குட்டை டின்கள் அந்த இடைவெளியில் நின்றுவிட்டன. அந்தப் பலகைக்கு மேலே பழையபடி 36.6 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு முழுத் தட்டு காலியாக நிற்கிறது. முன்பு இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டிருந்த அதே சாமான்தான் இப்போது ஒரு தட்டின் உயரத்துக்குள் அடங்கியிருக்கிறது, ஒரு பாட்டிலைக்கூட வெளியே தள்ளவில்லை. இதற்காக நான் வாங்கியது ஒரு பலகையும் நான்கு முளைகளும்தான்.

அந்த நான்கு முளைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாங்கி வந்த பாக்கெட்டின் மேல் "அலமாரித் தட்டு முளை" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள், எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்பதை எங்குமே அச்சிடவில்லை. வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால் உள்ளே போகவில்லை, அளந்தால் 6 மில்லிமீட்டர் இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றி வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒரே விவரம் அதன் விட்டம்தான், அதை விட்டுவிட்டு பாக்கெட்டில் சமையலறைப் படத்தைப் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. துளையை டிரில் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாமே என்று வீட்டில் யோசனை சொன்னார்கள், நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மேலே இருக்கும் மெல்லிய பூச்சுதான் துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது பெயர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் தூள் உதிர ஆரம்பிக்கும், பாரம் ஏறியதும் முளை சாய்ந்துவிடும். ஆகவே பழைய முளைகளில் ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டுபோய், அதோடு ஒப்பிட்டுப் பார்த்து 5 மில்லிமீட்டர் முளைகளை வாங்கி வந்தேன். கட்டைவிரலால் அழுத்தியதும் "டக்" என்று உட்கார்ந்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இந்த வீடியோவை எடுக்கலாம் என்று தோன்றியது. நீங்களும் பழைய முளை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

பலகையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பலகை அறுத்துக் கொடுத்த தச்சர், 12 மில்லிமீட்டர் தடிமனே போதும், எடையும் குறைவு என்றார். நான் 18 மில்லிமீட்டர்தான் வேண்டும் என்று நின்றுவிட்டேன். ஒரே மரம், ஒரே நீளம், ஒரே பாரம் என்று வைத்துக்கொண்டால், தடிமன் பாதியானால் தட்டின் தொய்வு எட்டு மடங்காகும். அந்தக் கணக்கில் 18-க்குப் பதில் 12 போட்டால் தொய்வு மூன்று மடங்குக்கும் மேல். நீளம் இன்னும் பொல்லாதது. தட்டு முழுவதும் ஒரே சீராகப் பாரம் வைத்தால், 60 சென்டிமீட்டர் தட்டை 90 ஆக்கும்போது நடுவில் விழும் தொய்வு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. என் அலமாரியின் உள் அகலம் 60 என்பதால் எனக்குக் கவலையில்லை. அகலமான அலமாரி வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு தாங்கல் கொடுக்காமல் டின்களை அடுக்க வேண்டாம்.

இனி டப்பாக்கள். வட்ட டப்பாக்களின் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு உங்களுக்குப் புதிதல்ல, அதற்கு இன்று கணக்கோடு காரணம் சொல்கிறேன். ஒரு சதுரத்துக்குள் சரியாகப் பொருந்தும் வட்டம் அந்தச் சதுரத்தின் பரப்பில் 78.5 விழுக்காட்டைத்தான் நிரப்புகிறது. அதாவது வட்ட டப்பாக்களை வரிசை வரிசையாக நிறுத்தும்போது தட்டின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான இடம் டப்பாக்களுக்கு நடுவே சந்து சந்தாகப் போய்விடுகிறது. சதுர டப்பா ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், மூடி தட்டையாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றும் நிற்கும். ஆனால் இரண்டுக்கு மேல் அடுக்காதீர்கள். மூன்றாவது வந்துவிட்டால் அடியில் இருப்பதை எடுப்பதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது, எடுத்ததைத் திரும்ப அடியில் வைப்பதற்கு அதைவிடவும் இருக்காது. அப்படி அடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த இடத்துக்கு இன்னொரு தட்டு தேவை என்று பொருள்.

ஒரே அச்சில் வார்த்த டப்பாக்களை வண்டி நிறைய வாங்கி அடுக்கிவிட்டு, "அலமாரி தயார்" என்று காட்டும் வீடியோக்கள் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. தட்டு எந்த உயரத்தில் நிற்கும் என்று தெரியாமல் டப்பாவை வாங்கினால், டப்பாவின் உயரத்துக்குத் தட்டு அடிமையாகிவிடும். முதலில் சாமான், பிறகு தட்டு, கடைசியில்தான் டப்பா.

எந்தத் தட்டில் எது என்பதற்கு வருவோம். எங்கள் வீட்டில் இந்த அலமாரியைத் திறப்பவர்கள் என் மாமியாரிலிருந்து ஆறாவது படிக்கும் மகன் வரை எல்லோரும்தான். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் தட்டுகள்தான் உண்மையான நல்ல இடம். தினமும் எடுப்பவை அங்கே இருக்க வேண்டும். கனமானவை, அதாவது மாவு டின், எண்ணெய்க் கேன் போன்றவை, இடுப்புயரத்திலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். தலைக்கு மேல் இருக்கும் தட்டில் கண்ணாடி பாட்டிலையோ இரண்டு கையும் தேவைப்படும் எதையுமோ வைக்கவே கூடாது. மாமியாரை அலமாரியின் முன்னால் நிற்க வைத்து, குதிகாலைத் தூக்காமல் கை எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். "எனக்காகவா இவ்வளவு?" என்று கேட்டார். "உங்களுக்கு எட்டினால்தான் அத்தை எல்லோருக்கும் எட்டும்" என்றேன். அந்தக் கோட்டுக்கு மேலே விருந்தாளிகள் வந்தால் மட்டும் எடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகள், காகித நாப்கின், காலி டப்பாக்கள் என்று எடையில்லாதவை மட்டுமே இருக்கின்றன.

மேல் தட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடான காற்று மேலே ஏறும், அதிலும் அலமாரி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் மேல் தட்டு எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். எண்ணெயும் கொட்டை வகைகளும் சூட்டிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் காறிப்போகும், மசாலாப் பொடிகள் மணத்தை இழந்துவிடும். அவற்றை அங்கே ஏற்ற வேண்டாம்.

தாம்பாளங்கள், காய் நறுக்கும் பலகைகள், பெரிய மூடிகள் போன்ற தட்டையான பொருள்களைப் படுக்க வைப்பதை நான் பல வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டேன். பாத்திர அலமாரி வீடியோவில் நூலகப் புத்தகம் போல அவற்றை நிறுத்தி வைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதேதான், இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தத்தில் நிற்கும் ஸ்பிரிங் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் தடுப்புகள் தயார். ஆணி வேண்டாம், துளை வேண்டாம், வேண்டியதை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

கதவின் உட்புறத்தைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். கதவில் ரேக் மாட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஆனால் நிபந்தனைகள் உண்டு. ரேக் 10 சென்டிமீட்டர் ஆழம் என்றால், உள்ளே இருக்கும் தட்டுகளும் முன்விளிம்பிலிருந்து அந்த அளவுக்கு உள்ளடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு மூடாது. அல்லது ரேக்கின் ஒவ்வொரு அடுக்கையும் தட்டுகளுக்கு நடுவே விழும்படி மாட்ட வேண்டும். கதவு சாத்தும்போது உள்ளே வளைந்து வரும் பாதையையும் பாருங்கள். நேராக அளந்தால் இடம் இருப்பதுபோலத் தெரியும், கீல் பக்கம் வரும்போது இடிக்கும். ரேக்கின் எடை முழுவதும் கீலில்தான் தொங்குகிறது என்பதால் சின்னப் பாட்டில்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவின் தடிமனை அளந்து அதைவிடக் குட்டையான ஸ்க்ரூவை வாங்குங்கள்.

அலமாரி வைக்க இடமில்லாமல் சுவரிலேயே தட்டு அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல் வடிவத் தாங்கியில் ஒரு கை நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தால், நீளமான கையைச் சுவரில் பொருத்துங்கள். தட்டின் முன்விளிம்பில் வைக்கும் பாரம் தாங்கியின் மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும், சுவரில் இருக்கும் கை நீளமாக இருந்தால் அந்த இழுப்பு குறையும். செங்கல், கான்கிரீட் சுவராக இருந்தால் துளைக்கு ஏற்ற, ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கும் பிளக் போட வேண்டும். உள்ளே கூடான பலகைச் சுவராக இருந்தால் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தைத் தேடிப்பிடித்து அதில்தான் ஸ்க்ரூ ஏற வேண்டும்.

தரையில் நிற்கும் உயரமான ரேக்கைச் சுவரோடு பிணைக்காமல் விடவே கூடாது. குழந்தைகளுக்குத் தட்டு என்பது ஏணிப்படிதான், மேலே இருப்பதை எடுக்க அவர்கள் ஏறத்தான் செய்வார்கள். அதைக் கவிழாமல் பிடிக்கும் சின்னப் பட்டி ரேக்கோடு வந்திருந்தால் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் முதல் வேலையாக மாட்டுங்கள்.

முன்பே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. புதிதாக உயரம் கிடைத்த மகிழ்ச்சியில் பாத்திரம் கழுவும் திரவத்தையும் தரை துடைக்கும் மருந்தையும் இந்த அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிடாதீர்கள். ஒரு மூடி தளர்ந்தால் போதும், கீழே இருக்கும் எல்லாத் தட்டுகளிலும் வடியும். கீழ்த் தட்டிலும் வைக்க வேண்டாம், அங்கே குழந்தைகளின் கை எட்டும். அவற்றுக்குப் பூட்டுப் போட்ட தனி இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அது துணி துவைக்கும் அறையில் இருக்கிறது, அடுத்த வீடியோவில் அதைத் திறந்து காட்டுகிறேன்.