டிக்கெட்டில் தெரியாத மணிக்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளையையோ பேத்தியையோ வெளிநாட்டுக்கு அனுப்பாத தெரு சேலத்தில் இன்று அபூர்வம். வழியனுப்பிவிட்டு வீடு திரும்பும் பெற்றோர் டிக்கெட் நகலை எடுத்துப் பார்க்கிறார்கள். சென்னையில் காலை 5.30க்குப் புறப்பாடு, லண்டனில் பகல் 11 மணிக்கு வருகை என்று இருக்கிறது. ஐந்தரை மணி நேரப் பயணம் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. நண்பகல் தாண்டியும் போன் வரவில்லையென்றால் சோறு இறங்குவதில்லை. அந்தத் தவிப்புக்குக் காரணமே இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கோடையில் அங்கே கடிகாரத்தை முன்னே நகர்த்திவிடுவதால் நாலரை. குளிர்காலக் கணக்கையே எடுத்துக்கொண்டால், அங்கே பகல் 11 என்றால் இங்கே மாலை 4.30, ஆகவே பயணம் 11 மணி நேரம். திரும்பும்போது லண்டனில் பகல் 1 மணிக்கு ஏறினால், மறுநாள் அதிகாலை 4.30க்குச் சென்னை. பார்வைக்குப் பதினைந்தரை மணி நேரம். ஐந்தரையைக் கழித்தால் பத்துதான்.

போக 11, வர 10 எப்படி? தூரம் இரு பக்கமும் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர்தான். ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். போகும்போது மறிப்பதும் வரும்போது தள்ளிவிடுவதும் அதுதான்.

பாதையும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. உலக உருண்டை ஒன்றில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் கடலின் குறுக்கே போகாது, வட துருவப் பகுதி வழியாக ஏறி இறங்கும். 2021 ஜனவரியில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் அந்தத் துருவ வழியில்தான் பெங்களூர் வந்தது. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர், 17 மணி நேரம். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் செய்தி அது.

வானிலும் வழி அடைபடும். 2022இல் ரஷ்யா தன் வான்பரப்பை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரமானது.

இவ்வளவுக்கும் முன்னால் நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. பெங்களூர் விமான நிலையம் நகருக்கு வடக்கே, தேவனஹள்ளியில் இருக்கிறது. தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று தெற்கிலிருந்து போகும் நாம் நகரத்தையும் கடந்தாக வேண்டும். சாலைக்கு 5 மணி நேரம், நிலையத்துக்குள் 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 5 மணி விமானத்துக்கு முந்தைய இரவு 9 மணிக்கே சேலத்தில் வண்டி ஏறிவிடுங்கள்.